பொதுஜனத்தின் முதல் சிரிப்பு

அந்த நகரத்தில் தேர்தல் நெருங்கிவிட்டால் இரண்டு கட்சிக்காரர்களும் வாய் வலிக்க ஒருவரையொருவர் திட்டுவார்கள். சுவரில் திட்டுவார்கள், ஒலிபெருக்கியில் திட்டுவார்கள், தொண்டை கட்டிக்கொண்டால் சைகையில் திட்டுவார்கள். ஒரே ஒரு சாயங்காலம் மட்டும் அதற்கு விடுமுறை. அன்றைக்கு இரண்டு தலைவர்களும் சலவை மடிப்புக் கலையாத உடுப்பில் வந்து, ஒரே மேடையில் உட்கார்ந்து, ஒருவரையொருவர் கேலி பேசி, சூப் குடிப்பார்கள். இதற்கு நல்லுறவு விருந்து என்று பெயர். இதை நடத்துவதற்கென்றே நல்லுறவு மன்றம் என்று ஒன்று இருந்தது. ஒரு தேர்தலுக்கும் இன்னொரு தேர்தலுக்கும் நடுவில் அந்த மன்றம் என்ன செய்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், மேஜைவிரிப்புக்கு நிறம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்ததாகச் சொல்லியிருக்கும்.

விருந்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்பு ஒரு தடவை, ஆளுங்கட்சித் தலைவர் சொன்ன நகைச்சுவைக்கு ஆளுங்கட்சிக்காரர்கள் மட்டும் சிரிக்க, எதிரணிக்காரர்கள் உர்ரென்று இருக்க, 'நீ ஏன் சிரிக்கவில்லை, நீ ஏன் சிரித்தாய்' என்று பேச்சு முற்றி நாற்காலிகள் பறந்தன. அன்றிலிருந்து மன்றம் ஒரு விதி செய்தது. முதல் சிரிப்பு பொதுஜனத்துக்கு உரியது. கட்சி சாராத சாதாரணக் குடிமகன் ஒருவரைப் பிடித்துவந்து இரண்டு தலைவர்களுக்கும் நடுவில் உயரமான நாற்காலியில் உட்காரவைப்பார்கள். அவர் சிரித்த பிறகுதான் மண்டபத்தில் மற்றவர்கள் சிரிக்கலாம். அவர் சிரித்த பிறகுதான் சூப்பில் கரண்டி வைக்கலாம். ஐந்து வருஷமும் தன்னிடம் யாரும் எதையும் கேட்காத ஊரில், பொதுஜனத்துக்கு இப்படி ஓர் உரிமை.

இந்தத் தேர்தலுக்கு அந்த உரிமை சலூன்காரரின் தலையில் வந்து விழுந்தது.

சலூன்காரர் சிரிப்புக்குப் பேர்போனவர். கடைவீதியில் அவருடைய கடை. நாற்காலியில் உட்கார்ந்து கழுத்துவரை துணி போர்த்திக்கொண்டவுடன் எல்லா மனிதர்களுக்கும் ஏதாவது ஒரு ஜோக் சொல்லத் தோன்றிவிடும். ஆளுங்கட்சிக்காரர் எதிரணியைப் பற்றிச் சொல்வார். எதிரணிக்காரர் ஆளுங்கட்சியைப் பற்றிச் சொல்வார். இரண்டும் ஒரே ஜோக்காக இருக்கும். சலூன்காரர் கத்தியைக் கன்னத்திலிருந்து சற்று விலக்கிக்கொண்டு இரண்டுக்கும் ஒரே மாதிரி கலகலவென்று சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே தூரத்திலிருந்து முடிவெட்ட வருகிறவர்கள் இருந்தார்கள்.

"உங்க சிரிப்பு வாடகைக்கு விட்ட வீடு மாதிரி," என்பாள் அவர் மனைவி. "யார் வேணா வந்து குடியிருந்துட்டுப் போறாங்க."

சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வராது. அவள் நிறைமாதக் கர்ப்பிணி. அவளுக்கு இருந்த கவலை ஒரு குழி.

அவர்கள் குடியிருந்தது ஒரு முட்டுச்சந்து. தெரு, பெரிய சாலையைத் தொடுகிற இடத்தில், இந்தச் சுவர் முதல் அந்தச் சுவர் வரை ஒரு குழி கிடந்தது. சாக்கடைக் குழாய் பதிப்பதற்காக அதைத் தோண்டியது முன்னாள் மேயரம்மா. தோண்டி முடித்த கையோடு தேர்தல் வந்தது, அம்மா தோற்றார். இப்போதைய மேயர் வந்தார். தெருக்காரர்கள் போய்க் கேட்டபோது, "தோண்டினவங்களைக் கேளுங்க. அவங்க தோண்டின குழியை மூடி அவங்க மானத்தை நான் எதுக்குக் காப்பாத்தணும்?" என்றார். முன்னாள் மேயரம்மாவிடம் போனார்கள். "நான் பதவியில இல்லையேப்பா. மறுபடியும் உக்கார வைங்க, மூடிடறேன்," என்றார். குழி இரண்டு பேருக்கும் பொதுவாகப் போய்விட்டது. மழைத்தண்ணீர் தேங்கியது, தவளை வந்தது, தவளையின் குடும்பம் வந்தது. எதிர்வீட்டு வெல்டர் அண்ணன் ஒரு நீளப் பலகைக்கு அடியில் இரும்புச் சட்டம் பற்றவைத்துக் குறுக்கே போட்டார். அதன் மேல்தான் ஒற்றை ஒற்றையாக ஜனங்கள் வேலைக்குப் போய்வந்தார்கள்.

மனைவிக்கு இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "வலி வந்தா ஒரு அடி நடக்க விடாதீங்க. வாசல்லயே ஆம்புலன்ஸ்ல படுக்க வெச்சுக் கூட்டிட்டு வாங்க." முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளச் சொன்னால் படுக்கை காலி இல்லை என்றார்கள். அம்மா வீட்டுக்கு அனுப்பலாமென்றால் அது நெடுந்தூர ரயில் பயணம், கூடவே கூடாது. ஒற்றைப் பலகைமேல் ஸ்ட்ரெச்சர் தூக்கிப்போக முடியாது; வாசலுக்கு ஆம்புலன்ஸ் வரவேண்டுமானால் அதற்கு இறக்கை முளைக்கவேண்டும். சலூன்காரர் மாநகராட்சிக்கு நடையாய் நடந்தார். அங்கே இருந்த பொறியாளர் அவரிடம் ஜோக் சொன்னார். பழக்க தோஷத்தில் சலூன்காரர் சிரித்துவிட்டு வந்தார். அன்றைக்கு வீட்டில் அவருக்குச் சோறு கிடைத்தது, பேச்சு கிடைக்கவில்லை.

இந்த நிலையில்தான் மன்றச் செயலாளர் பலகைமேல் ஆடி ஆடி நடந்து அவர்கள் வீட்டுக்கு வந்தார். வெள்ளைக் கையுறை போட்டிருந்தார்.

"வாழ்த்துகள்," என்றார். "இந்தத் தேர்தலுக்கு நீங்கதான் பொதுஜனம்."

"இதுவரைக்கும் யாருங்க இருந்தா?" என்று கேட்டார் சலூன்காரர்.

"அது வேற. அது சும்மா பொதுஜனம். நீங்க மன்றம் அங்கீகாரம் பண்ணின பொதுஜனம்." அதற்குப் பிறகு செயலாளர் அவரை வேறு எந்தப் பெயராலும் அழைக்கவில்லை. 'பொதுஜனம் தண்ணி குடுக்குமா?', 'பொதுஜனம் கொஞ்சம் நகந்து உக்காரலாமே' என்று வாய் நிறையப் பேசிவிட்டு, மறுநாள் ஒத்திகைக்கு வரச்சொல்லிவிட்டுப் போனார்.

ஒத்திகை மன்றத்தின் மாடி அறையில் நடந்தது. அங்கே நகைச்சுவைத் துணைக்குழு கூடியிருந்தது. கட்சிக்குச் சரிபாதி ஆட்கள். ஒரு ஜோக்கைக்கூட அதற்கு ஈடான ஜோக் வாங்காமல் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. மேயரின் தொப்பையைத் தொட்டால் மேயரம்மாவின் மூக்குக்கண்ணாடியைத் தொடலாம். மேயர் கூட்டத்தில் விடும் குறட்டைக்கு மேயரம்மா எல்லா இடத்துக்கும் தாமதமாக வருவது ஈடாகாது, மேல்கொண்டு ஏதாவது வேண்டும் என்று வெகுநேரம் பேரம் நடந்தது. வழக்குகள், காண்ட்ராக்ட், மச்சான்மார்கள் மூன்றும் விலக்கப்பட்டவை.

"நாகரிகம்னு ஒண்ணு இருக்கில்ல?" என்று செயலாளர் விளக்கினார். "ஒருத்தரோட தப்பைக் கிண்டல் பண்ணினா மனசு புண்படும். தொப்பையைக் கிண்டல் பண்ணினா யாருக்கும் நஷ்டமில்ல. இதுக்குப் பேருதான் ஆரோக்கியமான அரசியல்."

சலூன்காரருக்கு ஜோக்குகளைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பு பழசாகிவிடுமாம். வெறுமனே சிரிக்கப் பழக்கினார்கள். செயலாளர் கைக்குட்டையை உயர்த்தினால் சிரிக்கவேண்டும். உதட்டுக்குள் சிரிக்கக்கூடாது, மரியாதைக் குறைவு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கக்கூடாது, ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தலை நேராக இருக்கவேண்டும். ஆளுங்கட்சிக்கு எவ்வளவு பல் தெரிந்ததோ அவ்வளவுதான் எதிரணிக்கும் தெரியவேண்டும். இதைச் சரிபார்க்க ஒரு பல் டாக்டரை நியமித்திருந்தார்கள்.

"ஐயா, அங்க ரெண்டு தலைவரும் இருப்பாங்கல்ல, எங்க தெருவுல ஒரு குழி..." என்று ஆரம்பித்தார் சலூன்காரர்.

"பொதுஜனம் பேசக்கூடாது," என்றார் செயலாளர் அன்பாக. "பொதுஜனத்துக்குச் சிரிக்கத்தான் உரிமை. பேசறதுக்குத்தான் நாங்க மைக் வெச்சிருக்கமே."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவள் காலை நீட்டி உட்கார்ந்து கணுக்கால் வீக்கத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சிரிக்கலேன்னா வேற யாரும் சிரிக்க முடியாதா?"

"முடியாதாம்."

"சோறும் திங்க முடியாதா?"

"சூப்பு. அப்புறம்தான் மத்ததெல்லாம்."

அவள் நீட்டிய காலை மடக்கிக்கொண்டாள். பிறகு, "இத்தனை நாளா எல்லாருக்கும் சும்மா குடுத்தீங்க. இந்த ஒரு தடவை சும்மா குடுக்காதீங்க," என்றாள். "குழியை மூடிடறோம்னு ரெண்டு பேரும் மைக்ல சொல்லணும். அதுவரைக்கும் பல்லைக் காட்டாதீங்க."

"எனக்குத் தானா வந்துட்டா?"

"என் வயித்தை நெனச்சுக்குங்க."

விருந்து மண்டபம் பளபளவென்று இருந்தது. மேஜைதோறும் வெள்ளை விரிப்பு, மடித்து நிறுத்திய துணி, ஆளுக்கொரு கிண்ணத்தில் ஆவி பறக்கும் சூப். ஊரின் பெரிய மனிதர்கள் அத்தனைபேரும் இருந்தார்கள். மதியம் பட்டினி கிடந்து வந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் சூப்பைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. சலூன்காரரை உயரமான நாற்காலியில் ஏற்றினார்கள். கால் தரையில் படவில்லை. இடதுபுறம் மேயர், வலதுபுறம் முன்னாள் மேயரம்மா. இருவரும் அவரைக் குனிந்து வணங்கினார்கள். அவர்களை இவ்வளவு பக்கத்தில் அவர் பார்த்ததில்லை. மேயரின் கிருதா ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்ததைக் கவனித்தார்; கை துறுதுறுத்தது.

செயலாளர் முன்னுரை வாசித்தார். "இங்கே நாம் கட்சிகளை மறக்கிறோம். கொள்கைகளை மறக்கிறோம். வாக்குறுதிகளையும் மறக்கிறோம். வெளியே நாம் எதையெல்லாம் மறந்துவிட்டோமோ, அதையெல்லாம் இங்கே சேர்ந்து மறக்கிறோம்." கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மேயர் எழுந்தார். "அம்மா கண்ணாடி போட்டிருக்காங்க. எதுக்குன்னு நெனைக்கிறீங்க? இந்த அஞ்சு வருஷத்துல நான் செஞ்ச சாதனையைத் தேடறாங்களாம். பாவம், இன்னும் கிடைக்கல!"

மண்டபம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு சலூன்காரரைப் பார்த்தது. கைக்குட்டை உயர்ந்தது. சலூன்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தொண்டைவரை வந்துவிட்டது. மனைவியின் வயிற்றை நினைத்தார். எச்சிலை விழுங்குவதுபோல் விழுங்கினார்.

செயலாளர் கைக்குட்டையை இறக்கி, உதறிப்பார்த்து, மறுபடி உயர்த்தினார். ஒன்றும் நடக்கவில்லை. சரி, முதல் ஜோக் ஆளுங்கட்சியுடையது, பொதுஜனம் நடுநிலைக்காகக் காத்திருக்கிறது போலும் என்று எல்லோரும் சமாதானம் செய்துகொண்டார்கள்.

முன்னாள் மேயரம்மா எழுந்தார். "மாநகராட்சியில ஒரு ஃபைலும் கிடைக்கலேன்னு ஜனங்க அலையறாங்க. எனக்குத் தெரியும் எங்க இருக்குன்னு. ஐயா பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினா எல்லாம் கீழ விழும்!"

இது முதலாவதைவிடக் கஷ்டமாக இருந்தது. சலூன்காரர் உள்ளங்கையைக் கிள்ளிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. பின்வரிசையில் யாரோ ஒருவர் தாங்கமுடியாமல் தும்மல் போட்டு மறைத்தார்.

மேயர் தன்னுடைய சிறந்த ஜோக்கை எடுத்தார். "நான் பதவிக்கு வந்தப்ப அம்மா எனக்கு ஒரு பரிசு விட்டுட்டுப் போனாங்க. ஒரு முட்டுச்சந்துல, ஒரு குழி! ஒரு அம்மா ஆசையா குடுத்ததை மண்ணைப் போட்டு மூடறது மரியாதையா? நீங்களே சொல்லுங்க!"

முன்னாள் மேயரம்மா விடவில்லை. "நான் விட்டுட்டு வந்தப்ப அது சின்னக் குழிதான். ஐயாவோட மேடைப்பேச்சைக் கேட்டுக் கேட்டு, அது திறந்த வாயை இன்னும் மூடல!"

தோள்கள் குலுங்கின. துணியை வாயில் அடைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு கனவான் சிவந்துபோய் மேஜைமேல் தலையைக் கவிழ்த்தார். சலூன்காரர் மட்டும் அசையவில்லை. இதுவரை அடக்கி அடக்கி வைத்திருந்த சிரிப்பு எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை. இனிமேல் கிள்ளிக்கொள்ளத் தேவையில்லாமல் போயிற்று. அவருக்கு வந்தது எரிச்சல். ரெண்டு பேருக்கும் தெரியும். எந்தச் சந்து, எந்தக் குழி, எல்லாம் தெரியும்.

சூப்பில் ஆடை படிந்தது. கிண்ணங்களைத் திரும்ப எடுத்துப்போய்ச் சூடுபண்ணிக் கொண்டுவந்தார்கள். பல் டாக்டர் மேடையேறி சலூன்காரரின் தாடையை இருபுறமும் அசைத்துப் பார்த்து, "எந்திரம் சரியா இருக்கு," என்று மன்றத்துக்கு அறிவித்தார். திரைக்குப் பின்னால் துணைக்குழு அவசரமாகக் கூடியது. வேறொரு பொதுஜனத்தை உட்காரவைக்கலாமா என்று யோசித்தார்கள். மண்டபம் முழுக்கத் தேடியும் பொதுஜனம் என்று சொல்லத்தக்க ஆள் ஒருவர்கூட உள்ளே இல்லை. வாசலில் நிறையப்பேர் நின்றார்கள், ஆனால் அவர்களை உள்ளே விடக்கூடாதென்பது பாதுகாப்பு விதி.

பசி மேயரைப் படுத்தியது. ஒப்புக்கொண்ட ஜோக்குகள் தீர்ந்துபோயின. அவர் விலக்கப்பட்டதில் கைவைத்தார்.

"அந்தக் குழியைத் தோண்டற காண்ட்ராக்டை எடுத்தது யாரு தெரியுமா? அம்மாவோட சொந்தத் தம்பி!"

"மூடற காண்ட்ராக்டை எடுத்தது யாரு? ஐயாவோட மச்சான்!" என்றார் முன்னாள் மேயரம்மா. "லாரி ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். மண்ணை அள்ளிட்டுப் போனதும் அந்த லாரிதான், மண்ணைக் கொண்டுவராததும் அந்த லாரிதான்!"

"மூடியாச்சுன்னு பில்லே பாஸ் ஆயிடுச்சு!" மேயர் நெஞ்சைத் தட்டினார். "நானே கையெழுத்துப் போட்டேன்! இதுக்குமா சிரிப்பு வரல?"

சலூன்காரர் திடுக்கிட்டு, மேடைக்குக் கீழே இருந்த பத்திரிகைக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் பேனாவை மூடிவைத்துவிட்டு, சிரிக்க அனுமதி கேட்டுப் பரிதாபமாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளர் காதருகே குனிந்தார். "பொதுஜனம் பயப்பட வேணாம். இந்த மண்டபத்துக்குள்ள சொல்றது எதுவும் உண்மை ஆகாது. அதானே மன்றத்தோட பெருமை. பொதுஜனத்துக்கு என்னதான் குறை? எல்லாரும் பசியோட இருக்காங்க. சொல்லித் தொலைங்க!"

சலூன்காரர் உயரமான நாற்காலியிலிருந்து கீழே குதித்தார். கால் மரத்திருந்தது. மைக்கைப் பிடித்தார். அவர் வாழ்க்கையில் பிடித்த முதல் மைக்.

"குழியை மூடுங்கய்யா," என்றார். "என் மனைவிக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. வலி வந்தா அவளை நடக்க விடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. எங்க தெருவுக்குள்ள ஆம்புலன்ஸ் வர முடியாது. நீங்க தோண்டினீங்க, இவரு மூடலை. யாரு மூடினாலும் எனக்குச் சரிதான். மூடறோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் எவ்வளவு வேணும்னாலும் சிரிக்கிறேன்."

மேயர் மேயரம்மாவைப் பார்த்தார். மேயரம்மா மேயரைப் பார்த்தார். முதலில் யாருடைய உதடு கோணியதோ தெரியாது. அடுத்த கணம் இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு ஹோவென்று சிரித்தார்கள். மண்டபமே இடிந்து விழுவதுபோல் சிரித்தது. அத்தனைநேரம் அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் மொத்தமாகக் கொட்டியது.

"நான் ஜோக் சொல்லலைங்க," என்றார் சலூன்காரர்.

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

"நிஜமாத்தாங்க சொல்றேன்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். "முகத்தைப் பாருங்க, ஒரு சுருக்கம்கூட இல்லாம எப்படிச் சொல்றாரு!" என்று ஒரு நீதிபதி வியந்தார். செயலாளர் நிலைமையைக் காப்பாற்றினார். பொதுஜனமே நகைச்சுவை சொல்லும் பட்சத்தில் தலைவர்கள் முதலில் சிரிக்கலாம் என்று அந்த இடத்திலேயே விதியைத் திருத்தி அறிவித்தார். கரண்டிகள் கிண்ணத்தில் இறங்கின. சலூன்காரருக்கு அந்தத் தேர்தலின் சிறந்த நகைச்சுவைக்கான வெள்ளிக் கோப்பையைக் கொடுத்தார்கள். சூப் கொடுக்க மறந்துவிட்டார்கள்.

மனைவி கதவைத் திறந்தாள். "என்ன ஆச்சு?"

"நான் சிரிக்கல."

"அவங்க?"

"சிரிச்சிட்டாங்க."

அவள் கோப்பையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒழுகுகிற குழாய்க்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் காலையில் ஒரு லாரி மண் வந்து குழிக்கரையில் நின்றது. சலூன்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே ஓடினார். வெல்டர் அண்ணன் மண்வெட்டியோடு வந்துவிட்டார். லாரியோடு வந்த மேஸ்திரி அவர்களைத் தடுத்தார்.

"உள்ள போடறதுக்கில்லைங்க. குழியைப் பாக்க ஜனங்க வரும்ல, கால் வழுக்காம கரையில போடறதுக்கு."

ஜனங்கள் வந்தார்கள். நகரமெங்கும் அந்த ஜோக் பரவியிருந்தது. இரண்டு கட்சிக்காரர்களும் பிரசாரத்தில் அதையே சொன்னார்கள். குழிக்கு வேலி போட்டார்கள், நாலு மூலையிலும் விளக்குப் போட்டார்கள், 'இதுதான் அந்தக் குழி' என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள். சலூன்காரர் செயலாளரைத் தேடிப்போய்க் கத்தினார். செயலாளர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"பொதுஜனம் யோசிக்கணும். குழியை மூடிட்டா அந்த ஜோக் யாருக்குப் புரியும்? தேர்தல் முடியறவரைக்கும் குழிமேல கைவைக்கக் கூடாதுன்னு ரெண்டு கட்சியும் சம்மதிச்சிருக்கு. ரெண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான். நாட்டு ஒற்றுமையை உங்க வீட்டுப் பிரசவத்துக்காகக் கெடுக்கலாமா?"

அன்றிலிருந்து சலூன்காரருக்குக் கடையிலும் சிரிப்பு வரவில்லை. வந்தவர்கள் எல்லாம், "அந்தக் குழி ஜோக்கைச் சொல்லுங்க," என்றார்கள். அவர் பேசாமல் கத்தரித்தார். நாலைந்து பேருக்குக் காதோரம் சற்று அதிகமாகவே போயிற்று.

பிரசாரத்தின் கடைசி நாள். இரண்டு தலைவர்களும் அந்த ஜோக்கை அதன் பிறந்த இடத்திலேயே சேர்ந்து சொல்வது என்று மன்றம் ஏற்பாடு செய்தது. குழிக்கரையில் மேடை போட இடமில்லை. ஆகவே குழியின் மேலேயே போட்டார்கள். குறுக்கே கிடந்த நடைபலகை எடுக்கப்பட்டது. சுவர் முதல் சுவர் வரை கனத்த இரும்பு உத்தரங்களைக் குறுக்கே கிடத்தி, அதன்மேல் தடித்த மரப்பலகைகளை முடுக்கி, கம்பளம் விரித்தார்கள். தலைவர்களின் காலணியில் சேறு படக்கூடாதென்பதற்காக, கார் நேராக மேடைமேலேயே ஏறி, மறுபக்கம் தெருவுக்குள் இறங்கித் திரும்பிவர இருபுறமும் சாய்தளம் அமைத்தார்கள். எல்லாம் ஒரே காலைப்பொழுதில் முடிந்துவிட்டது. வருஷக்கணக்காக மூடமுடியாத குழி அது. வெல்டர் அண்ணன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

பிற்பகலில் கூட்டம் ஆரம்பித்த கொஞ்சநேரத்தில் மனைவிக்கு வலி எடுத்தது.

சலூன்காரர் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, அவளைப் பார்த்துக்கொள்ள வெல்டர் அண்ணனின் மனைவியை உட்காரவைத்துவிட்டு ஓடினார். அவர் மேடையை அடைந்தபோது ஆம்புலன்ஸ் சாலைப்பக்கச் சாய்தளத்துக்கு எதிரே நின்றிருந்தது. செயலாளர் இரண்டு கைகளையும் விரித்து அதை மறித்துக்கொண்டிருந்தார்.

"நிகழ்ச்சியில ஆம்புலன்ஸ் இல்ல!" என்றார். "முன்கூட்டிச் சொல்லியிருந்தா ஒரு இடம் ஒதுக்கியிருக்கலாம்."

மேடைமேல் மேயர், "ஒரு அம்மா ஆசையா குடுத்ததை..." என்று ஆரம்பித்திருந்தார். சலூன்காரர் மேடையேறி அவர் கையைப் பிடித்தார்.

"ஐயா, கீழ எறங்குங்க! என் மனைவிக்கு வலி வந்துடுச்சு! வண்டி போகணும்!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "பொதுஜனம் மறுபடியும் ஆரம்பிச்சிட்டாருடோய்!" என்று யாரோ கத்தினார்கள். சீட்டியடித்தார்கள். மேயரம்மா மைக்கை வாங்கி, "இந்தத் தடவை வண்டியே கொண்டுவந்துட்டாரு, பாருங்க!" என்றார். மேயர் சலூன்காரரின் தோளை அணைத்து, படம் எடுக்கிறவர்கள் பக்கம் திருப்பினார். சலூன்காரருக்கு அழுகை வந்தது. அதையும் கைதட்டி வரவேற்றார்கள்.

ஆம்புலன்ஸ் ஓட்டிவந்தவர் வேறு வட்டாரத்துக்காரர். அவருக்கு எந்த ஜோக்கும் தெரியாது. ஜன்னல் வழியே தலையை நீட்டி, "உள்ள ஒரு பொம்பளைக்கு வலியா இல்லையா?" என்று கேட்டார். மேடையிலிருந்து சலூன்காரர் தலையாட்டினார். அவ்வளவுதான். சைரன் அலறியது. செயலாளர் கையுறையோடு ஒருபக்கம் சாய்ந்தார். வண்டி சாய்தளத்தில் ஏறிற்று. ஆளுங்கட்சியும் எதிரணியும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு மேடையின் மூலைக்கு ஒதுங்கின. வண்டி கம்பளத்தின்மேல் உருண்டு, தெருவுக்குள் இறங்கி, வாசலில் போய் நின்றது. மனைவி ஓர் அடிகூட நடக்கவில்லை. படுத்தபடியே அதே வழியாகத் திரும்பி வந்தாள். ஜன்னல் வழியாக இரண்டு தலைவர்களும் தெரிந்தார்கள். பழக்கதோஷத்தில் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

பெண்குழந்தை. தாயும் சேயும் சுகம். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், சலூன்காரர் கேட்க விரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களிலேயே தேர்தல் முடிந்துவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்று குழி கேட்கவில்லை, நாமும் கேட்கவேண்டாம்.

வீடு திரும்பிய அன்று டாக்சி பெரிய சாலையிலேயே நின்றது. மேடை இல்லை. உத்தரங்கள் வாடகைச் சாமான். மன்றத்துக்காரர்கள் நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேலியும் விளக்கும்கூடப் போய்விட்டன. சாய்தளத்தைப் பெயர்த்ததில் குழி இருபுறமும் கொஞ்சம் சரிந்து அகலமாகியிருந்தது. வெல்டர் அண்ணன் பழைய பலகைக்கு ஒட்டுப்போட்டு நீட்டி, மறுபடி குறுக்கே போட்டிருந்தார். அக்கரையில் நின்று, "மெதுவா வாங்க, மெதுவா வாங்க," என்று கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

சலூன்காரர் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மனைவி அவர் சட்டையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பாதிப் பலகையில் அவள் நின்றாள்.

"ஏங்க."

"என்ன? தலை சுத்துதா?"

"அடுத்த எலெக்ஷன் எப்போ?"

"இப்பத்தானே முடிஞ்சுது. அது எதுக்கு உனக்கு?"

"ரெண்டாவது பெத்துக்கறதா இருந்தா, அந்தக் கணக்குப் பாத்துப் பெத்துக்கணும்ல."

சலூன்காரருக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி வந்தது. விருந்து நாளிலிருந்து எங்கோ போயிருந்தது அது. கைக்குட்டை காட்ட ஆளில்லை, பல்லை அளக்க டாக்டர் இல்லை. தலை ஒரு பக்கம் சாய, கண்ணில் நீர் வழிய, அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"சிரிக்காதீங்க," என்றாள் மனைவி. "பலகை ஆடுது."